கும்பிட்டது போதும்

கும்பிடுவதற்குக் காசு செலவாகாது. அதனால்தான் நாம் அதில் இவ்வளவு தாராளம் காட்டுகிறோம். ஆற்றைத் தாய் என்று கும்பிட்டோம். அதே ஆற்றில் சாயக் கழிவையும் திறந்துவிட்டோம். நர்ஸை வெள்ளுடைத் தேவதை என்று கும்பிடுகிறோம். செவிலியர் நாளான மே 12 வந்தால் மருத்துவமனைகளில் மெழுகுவத்தி ஏற்றி, கேக் வெட்டி, ஆளுக்கொரு ரோஜாப்பூவும் கொடுக்கிறோம். மறுநாள் அதே நர்ஸ், "டூட்டி நேரத்தைக் குறையுங்கள், சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். "சேவைன்னு வந்துட்டு காசு காசுன்னு அலையலாமா?" என்று எதிர்க்கேள்வி போடுகிறோம்.

ஏன் அலையக் கூடாது? மாத வாடகைக்குப் பதிலாகப் புண்ணியத்தை நீட்டினால் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வாரா? படிப்புக் கடன் கொடுத்த வங்கி, தியாகத்தைத் தவணையாக வரவு வைக்குமா? பாலம் கட்டும் பொறியாளரிடம் "மக்களுக்குத்தானே கட்டுகிறீர்கள், பாதிச் சம்பளம் போதும்" என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா? ஊர் தூங்கும்போது விழித்திருந்து வேலை செய்கிறவரிடம் மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் கேட்பதற்கு முன்பு, நம் வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு மாரடைப்பு. ஐ.சி.யூ.வில் பத்து நாள் கிடந்து பிழைத்து வீடு திரும்புகிறார். உடனே என்ன செய்கிறோம்? நேர்ந்துகொண்டபடி மொட்டை, உண்டியலில் முடிப்பு, குலதெய்வத்துக்குக் கிடா. அந்தப் பத்து இரவும் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸின் பெயர் நமக்குத் தெரியாது. போகிற போக்கில் நர்ஸ் மேசைமீது ஒரு ஸ்வீட் பாக்ஸ் வைத்துவிட்டு வந்திருப்போம். சரி, அப்பா பிழைக்கவில்லை என்றால்? உண்டியலை யாராவது உடைக்கிறோமா? குலதெய்வத்தின் சட்டையைப் பிடிக்கிறோமா? மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்கிறோம். எதிரே வந்த நர்ஸை அடிக்கக் கை ஓங்குகிறோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது என்றால், ஓங்கிய கைகள் கொஞ்சமா?

பிழைத்தால் சாமி, செத்தால் சிஸ்டர். இதுதான் நம் கணக்கு. வரவெல்லாம் ஒருவர் பெயரில், நட்டமெல்லாம் இன்னொருவர் தலையில். இப்படி ஒரு கணக்கை உங்கள் கடையில் யாராவது எழுதினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்கள். சாமி கும்பிடுவது உங்கள் உரிமை, அதில் தலையிட எனக்கு வேலை இல்லை. ஆனால் உதவி வாங்கியது ஒருவரிடம், நன்றி சொல்வது வேறொருவரிடம் என்றால், அதை பக்தி என்று சொல்ல முடியாது. ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

மே 12 யாருடைய பிறந்த நாள்? ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1820. பள்ளிக்கூடப் பாடத்தில் அவருக்கு நாம் கொடுத்த அடையாளம் கையில் ஒரு விளக்கு. இருட்டில் வந்து தடவிக்கொடுத்த கருணை தேவதை. உண்மையில் அவர் என்ன செய்தார்? 1854 நவம்பரில் 38 பெண்களை அழைத்துக்கொண்டு கிரீமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிடந்த ஸ்குடாரி மருத்துவமனைக்குப் போனார். விளக்கு இருந்தது, கருணையும் இருந்தது, ஓய்வில்லாத உழைப்பும் இருந்தது. ஆனாலும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். குண்டு பாய்ந்து செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களே மிகுதி. மருத்துவமனைக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து சாக்கடையை அள்ளியது, தண்ணீரைச் சுத்தம் செய்தது, காற்று வர வழி செய்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு 2 ஆக இறங்கியது.

நைட்டிங்கேல் கடவுள் நம்பிக்கை உள்ளவர். இளம் வயதில் தனக்கு இறைவனின் அழைப்பு வந்ததாக நம்பியவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் அவர் உட்கார்ந்தது ஜெபமாலையோடு அல்ல, சாவுக் கணக்கோடு. எந்த மாதம் எத்தனை பேர், எதனால் செத்தார்கள் என்று வட்ட வட்டமாக வண்ணப் படம் போட்டு, 1858இல் அரசாங்கத்தின் கண்முன் நீட்டினார். "இவர்கள் விதி முடிந்து சாகவில்லை, உங்கள் அலட்சியத்தால் செத்தார்கள்" என்பதுதான் அந்தப் படங்கள் சொன்ன சேதி. லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நாம் என்ன செய்தோம்? கணக்கையும் சாக்கடையையும் தூக்கி எறிந்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். ஏன்? விளக்கைக் கும்பிடலாம். கணக்கு என்றால் பதில் சொல்ல வேண்டுமே!

இந்த வித்தை புதிதல்ல. அடுத்தவர் உடம்பைப் பேணுகிற பெண்ணைப் பாட்டில் ஏற்றிவிட்டு வாழ்க்கையில் இறக்கிவைப்பது நம் பழைய பழக்கம்.

சங்க இலக்கியத்தில் செவிலித்தாய் இருக்கிறாள். தலைவியைப் பாலூட்டி, சீராட்டி வளர்த்தவள். தலைவி காதலனோடு போய்விட்டால் பாலை நிலத்தில் கால் தேயத் தேடிப் போகிறவளும் செவிலிதான். நாம் அதைப் படித்து உருகுகிறோம். தோழி என்பவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கிறோமா? அம்மா வளர்த்தது தலைவியை. மகள் தூது போவதும் தலைவிக்காக. தோழி வாயைத் திறந்தால் தலைவியின் காதல், தலைவியின் பசலை, தலைவியின் கல்யாணம். அவளுக்கென்று ஒரு காதல், ஒரு கல்யாணம்? அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பணிவிடை தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துபோல இறங்கியிருக்கிறது. இதற்கு நாம் வைத்த பெயர் அன்பு.

இன்னும் கொடுமையான கதை ராஜஸ்தானில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு மேவார். இளவரசன் உதய்சிங்கைக் கொல்ல வாளோடு வருகிறான் பன்வீர். பாலூட்டி வளர்த்த பன்னா தாய், இளவரசனைத் தப்ப வைத்துவிட்டு, அவன் படுக்கையில் தன் மகன் சந்தனைக் கிடத்துகிறாள். அவள் கண்ணெதிரே அந்தப் பிள்ளை வெட்டுப்பட்டுச் சாகிறான். பிழைத்த பிள்ளை அரசனாகி உதய்ப்பூர் என்று தன் பெயரில் நகரம் கட்டினான். செத்த பிள்ளை? தியாகத்தின் அடிக்குறிப்பானான். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நூற்றாண்டுகளாக நாம் இதைக் கைதட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே, அதுதான் என் கவலை. ஒரு வேலைக்காரி தன் குழந்தையை முதலாளியின் குழந்தைக்குப் பதிலாகச் சாகக் கொடுத்தால்தான் நல்லவள் என்று எந்த ஒழுக்கம் கேட்கும்? கைதட்டுபவர்களில் ஒருவராவது சந்தனின் பக்கம் நின்று அந்தக் கதையைக் கேட்டிருப்பாரா?

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா? இங்கே பிள்ளை வளர்க்க மதராசிலும் கல்கத்தாவிலும் ஆயாக்களை அமர்த்தினான். கப்பலில் ஊருக்குப் போகும்போது குழந்தை அழாமலிருக்க ஆயாவையும் கூட்டிப் போனான். லண்டனில் இறங்கியதும் பல குடும்பங்களுக்கு ஆயா தேவைப்படவில்லை. திரும்பி வரக் கப்பல் கூலியும் இல்லாமல் குளிரில் நின்ற பெண்களுக்காக அங்கே ஆயாக்கள் இல்லம் என்றே ஒன்று நடந்தது. லண்டன் ஹாக்னி பகுதியில் அந்த இல்லம் இருந்த கட்டடத்தில் 2022இல்தான் நினைவுப் பலகை பதித்தார்கள். ஆயாவை அனுப்பிய வீட்டில், ஆயா பாடிய தாலாட்டு மட்டும் இனிய நினைவாக இருந்திருக்கும்.

நம் கிராமத்து மருத்துவச்சியை மறந்துவிடக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையில்தான் விழுந்தார்கள். பல ஊர்களில் அவள் முடிதிருத்தும் சாதியைச் சேர்ந்தவள். பிரசவ அறைக்குள் அவள் கை இல்லாமல் எதுவும் நடக்காது. குழந்தை பிறந்து தீட்டுக் கழித்த பிறகு அதே கை வாசல்படி தாண்டக் கூடாது. கூலி? நெல்லும் பழைய புடவையும்.

தீட்டு. நம் நாட்டில் நோயாளிகளை அதிகம் கொன்ற சொற்களில் இதுவும் ஒன்று. ரத்தமும் சீழும் மலமும் தொடுகிற வேலை இழிந்தது என்று சொல்லிக்கொடுத்த சமூகத்தில் யார் நர்ஸாக வருவார்கள்? 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு அறிக்கை கொடுத்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். பிரிட்டனில் அப்போது 300 பேருக்கு ஒருவர். கோயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், சாகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றப் பயிற்சி பெற்ற கை இல்லை. அந்தக் காலத்தில் துணிந்து வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள். தீட்டென்று ஒதுங்கிய குடும்பங்கள் காய்ச்சல் வந்ததும் அவர்கள் கையைத்தான் தேடிப் போயின.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்கிறீர்களா? உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். படுக்கையில் விழுந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறார். ஹோம் நர்ஸ் என்று பெயர். பாட்டிக்கு டயப்பர் மாற்றுகிறார், உடம்பு துடைக்கிறார், பல்செட்டைக் கழுவி வைக்கிறார், கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் வாயில் ஊட்டுகிறார். கஞ்சி ஊட்டிய அதே கைக்கு டீ எதில் வருகிறது? சமையலறை ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளரில். படுப்பது பாட்டியின் கட்டிலுக்குக் கீழே பாயில். கழிப்பறை, வீட்டுக்கு வெளியே வேலைக்காரர்களுக்கு உள்ளது. அவர் கை பட்ட கஞ்சி பாட்டியின் வயிற்றுக்குள் போகலாம். அவர் உதடு பட்ட டம்ளர் அலமாரிக்குள் போகக் கூடாது. இதில் என்ன சுத்தம் இருக்கிறது? எந்தக் கிருமி இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும்? டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் குற்றம் என்று தெரிந்த நமக்கு, சொந்தச் சமையலறையில் இருக்கும் இரட்டைக் குவளை மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

இனிக் காசு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 2015இல் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. படித்தவர்கள், தேர்வில் வென்றவர்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்குச் சுமார் 257 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற பேச்சு காற்றில் போனது. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அப்போது நாம் என்ன பேசினோம்? "நோயாளியைத் தவிக்க விட்டுட்டு இதென்ன போராட்டம்?" என்று பேசினோம். பக்கத்துக் கட்டிலில் அதே வேலையைச் செய்யும் நிரந்தர நர்ஸுக்கு அதைப்போலப் பல மடங்கு சம்பளம் என்பது நியாயமா என்று கேட்டவர்கள் குறைவு.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. அந்த ஆண்டில்தான் கொரோனா வந்தது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குத் தட்டு தட்டினோம். மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள்மேல் பூத் தூவினார்கள். இரண்டுக்கும் நடுவே, ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தது. டூட்டி முடித்து வந்த நர்ஸை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். கைதட்டியதும் இதே கைகள், கல்லெறிந்ததும் இதே ஊர். அந்த அவசரத்தில் வேலைக்கு எடுத்த நர்ஸ்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது என்று தமிழ்நாடு அரசு கைகழுவியது. புத்தாண்டுப் பரிசு! பூத் தூவ ஹெலிகாப்டருக்கு எரிபொருள் இருந்த நாட்டில், அவர்களுக்குச் சம்பளம் போட வழி இல்லை.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறா? உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, அந்த மாநில அரசு நர்ஸுக்குத் தரும் அதே சம்பளத்தைத் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைவான சிறு மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் பெண்ணிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் பில்லை எடுத்து, அதில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு நாளுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பணம் யார் பையில்?

"பெண்களுக்கு இது இயல்பாக வருகிற வேலைதானே" என்று ஒரு வாதம் உண்டு. இயல்பாக வருவதற்கு எதற்குக் கூலி என்பது அதன் உள்குத்து. பக்கவாதம் வந்து விழுந்த ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பிடித்து இழுத்தால் தோல் வழன்றுவிடும். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். உடம்பு முழுக்க ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி. விரிப்பில் சுருக்கம் இருந்தால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். விட்டால் விடிவதற்குள் தோல் சிவக்கும், நாளடைவில் புண்ணாகும், புண் எலும்பைத் தொடும். சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, நிறம் என்ன, மூக்குக் குழாயில் ஊற்றியது தங்கியதா, மூச்சில் களகளப்பு இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். பிறகு அடுத்த கட்டில். இது எந்தத் தாய்க்கும் தானாக வராது. மூன்று, நான்கு ஆண்டு படித்துக் கைக்குப் பழக்கிய வித்தை. ஆணுக்கும் வரும், ஆண் நர்ஸ்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதை இயல்பு என்பதும் தாய்மை என்பதும் படிப்பை மறைத்துச் சம்பளத்தை அமுக்கும் தந்திரம்.

"சொர்க்கம், புண்ணியம், கடவுளுக்குப் பயம், இவை இல்லாவிட்டால் யார் இப்படி அடுத்தவர் உடம்பைப் பேணுவார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை மும்பை கே.இ.எம். மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அருணா ஷான்பாக், அங்கே வேலை பார்த்த நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று டூட்டி முடிந்து, மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தவரை அங்கேயே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி நாசம் செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அவர் நினைவிழந்தார். 2015 மே 18இல் இறக்கும்வரை, நாற்பத்தொரு ஆண்டுக்கு மேல், படுக்கையை விட்டு எழவில்லை. அத்தனை ஆண்டும் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனை நர்ஸ்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றது, அடுத்த தலைமுறை வந்தது. அருணாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை நிற்கவில்லை. அவர் உடம்பில் படுக்கைப் புண் இல்லை என்பது 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. அந்த வழக்கு எழுப்பிய, கருணைக்கொலை சரியா என்ற விவாதம் இங்கே வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: நன்றி சொல்ல வாயில்லாத ஒருத்திக்கு நாற்பதாண்டு செய்தார்களே, எந்த வரத்துக்காக? கூட வேலை பார்த்தவள், அவளைக் கைவிடுவது மனிதத்தனம் இல்லை என்ற ஒரே நியாயம் போதவில்லையா? ஒழுக்கத்துக்கு வானத்திலிருந்து சாட்சி வர வேண்டியதில்லை. படுக்கையில் கிடப்பவரின் முதுகே சாட்சி.

ஆனால் அந்தக் கதையை அத்தோடு நிறுத்தி உருகினால் நாம் மறுபடியும் கும்பிடப் போய்விடுவோம். மறுபக்கத்தையும் பாருங்கள். அருணாவுக்கு அன்று தேவைப்பட்டது தேவதைப் பட்டம் இல்லை. உள்தாழ்ப்பாள் போட்ட ஓர் உடைமாற்றும் அறை. குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனை ஏழு ஆண்டு; பாலியல் வன்கொடுமைக் குற்றம் அவன்மேல் சுமத்தப்படவே இல்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் படுத்திருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இரவில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பாகக் கால் நீட்ட ஓர் அறை இல்லை. இந்த ஐம்பது ஆண்டில் எத்தனை மே 12 கொண்டாடியிருப்போம்?

இங்கே நீங்கள் குறுக்கிடுவீர்கள், தெரியும். "நர்ஸ்கள் எல்லாம் நல்லவர்களா? பிரசவ வார்டில் வலியில் கத்தும் பெண்ணிடம் அவர்கள் பேசும் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட்டு, பெண் என்றால் ஒரு ரேட்டு என்று கை நீட்டுகிற இடங்கள் இல்லையா?" இருக்கின்றன. அது அயோக்கியத்தனம்தான், குறைந்த சம்பளம் அதற்குச் சாக்கு ஆகாது. பெற்றுப் போட்ட களைப்பில் கிடப்பவளிடம் கை நீட்டுவதைவிட இழிவு வேறில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவதைமேல் புகார் கொடுக்க முடியுமா? தேவதைக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டா? சம்பளம் வாங்கும் ஊழியர் என்றால் நேரம் உண்டு, விதி உண்டு, பொறுப்பு உண்டு, தவறினால் விசாரணை உண்டு. அவர்களைத் தெய்வ நிலையிலிருந்து இறக்கித் தொழிலாளி என்ற மரியாதையில் நிறுத்தினால், அவர்கள் நம்மிடம் உரிமை கேட்கலாம், நாமும் அவர்களிடம் கணக்குக் கேட்கலாம். சமமானவர்களுக்குள் மட்டும்தான் இது நடக்கும்.

இன்னொரு வாதம்: "கன்னியாஸ்திரிகள் சம்பளம் கேட்டா செய்தார்கள்?" உண்மை. நம் சாதிப் பெருமைகள் தொட மறுத்த உடம்புகளை அவர்கள் தொட்டார்கள். அந்தக் கடனைப் பகுத்தறிவு பேசுகிறவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் விரும்பி ஏற்ற எளிமை அது. அவர்களுக்குச் சோறும் கூரையும் தர மடம் இருந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணுக்கு மடம் இல்லை. வயதான மாமனார் இருக்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ஒருவர் மனமுவந்து எடுத்த விரதத்தை இன்னொருவர் தலையில் சட்டமாகச் சுமத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

"சரி, சம்பளமும் ஆளும் கூட்டினால் யாருக்கு லாபம்?" உங்களுக்குத்தான். 2002இல் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். நைட்டிங்கேல் தொடங்கிய அதே வேலை, அதே முறை. இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதிப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு எந்த வார்டுக்கும் போய் எண்ணிப் பாருங்கள். நாற்பது கட்டிலுக்கு ஒருவர், தரையில் பாய் போட்டவர்கள் தனி. அந்த ஒருவர் உங்கள் அம்மாவின் ட்ரிப்ஸை மாற்றத் தாமதமானால் அது அவர் குற்றமா? நாற்பதை ஒன்றால் பார்த்துக்கொள்ளச் சொன்னவர்களின் குற்றமா? அவர்களை ஒருமுறைகூடக் கேள்வி கேட்காத நம் குற்றமா?

கேட்கத் தொடங்குங்கள். குளிரூட்டிய அறையா, டி.வி. உண்டா, டாக்டர் எந்த நாட்டில் படித்தவர் என்றெல்லாம் மருத்துவமனையில் விசாரிக்கிறோமே, இனிமேல் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ராத்திரி ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?" அடுத்தது: "அவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ஒப்பந்த நர்ஸ்களை எப்போது நிரந்தரமாக்குவீர்கள், தேதி சொல்லுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஹோம் நர்ஸ் இருந்தால் ஏஜென்சி பிடிப்பது போக அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். வார விடுமுறை கொடுங்கள். அந்தத் தனி டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது "நர்ஸா? நைட் டூட்டியெல்லாம் போவாளே" என்று இழுக்கிற உறவினரிடம், "உங்களுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி யார் டூட்டியில் இருந்தார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் புரட்சி தேவையில்லை. கடவுளின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் செலவாகும்: மருத்துவமனைக்குப் பணம், அரசுக்கு நிதி, நமக்குக் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பழக்கம். ஒருவர் நம் உடம்பின் அசிங்கத்தையெல்லாம் அருவருக்காமல் ஏற்றுக்கொள்கிறார். அவருக்கு உரிய கூலியையும் சம இருக்கையையும் கொடுக்க நமக்குக் கசக்கிறது என்றால், நோய் யாரிடம் இருக்கிறது? அந்த நோய்க்கு எந்த நர்ஸும் மருந்து கொடுக்க முடியாது. நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.